தரிசு என்னும் சொல்லும் கொல்லாமையும்

ஓர் இடத்தில் உயிர்கள் இல்லை என்று முதலில் சொல்லிவிட்டால், பின்னர் அங்கே எதைச் செய்தாலும் அது தீங்காகத் தோன்றுவதில்லை. கொல்லாமையைத் தலைமை அறமாகக் கொண்ட இல்லறத்தார் நாம். நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். பொழுது சாய்ந்தபின் உண்பதைத் தவிர்க்கின்றோம். கிழங்கை விலக்குவோரும் நம்மிடையே உண்டு. இவ்வளவு நுட்பமாகச் சிற்றுயிர்களைப் பேணும் நாம், ஒரு நாட்டளவு நிலத்தைத் 'தரிசு' என்று ஏட்டில் எழுதும்போது அதன் கீழ் எத்தனை உயிர்கள் அடங்கிப்போகின்றன என்பதை எண்ணிப் பார்ப்பதுண்டா? பாலைவனத்தைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர். அவற்றுள் பாலைக்குத் தனியே ஓர் இடம் இருந்ததாக அவர்கள் கருதவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் தம் இயல்பு கெட்டு அடையும் நிலையே பாலை என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் குறிக்கின்றார். மழை பெய்தால் பாலை மீண்டும் முல்லையாகும் என்பது இதனுள் அடங்கிய கருத்து. ஆகவே நம் முன்னோர் கண்ட பாலை வறண்ட நிலமேயன்றிச் செத்த நிலம் அன்று. பிற்காலத்தில் 'பாலைவனம்' என்ற சொல் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றபோது, 'எதுவும் விளையாத, உயிர்கள் வாழ இயலாத மணற்பரப்பு' என்ற விளக்கமும் உடன் வந்துவிட்டது. பல தலைமுறை மாணவர்க்கு இரண்டு மதிப்பெண் பெற்றுத் தந்த விடை அது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த விதிகளுள் முதன்மையானது. காவிரிக் கரையில் கொடுமுடியில் வாழும் எனக்குப் பாலைவனத்தைப் பற்றித் தெரிந்தது யாது? ஒரு மரம் தெரியும். எங்கள் ஊர் மகுடேசுவரர் கோயிலில் மிகப் பழமையான வன்னி மரம் ஒன்று உள்ளது. பங்குனி உத்திரத்திற்குப் பழனிக்குக் காவிரித் தீர்த்தம் எடுத்துச் செல்வோர், நீர் கெடாதிருக்கும் என்று சொல்லி இவ்வன்னியின் இலையைக் குடத்தில் இடுவர். இதே மரந்தான் இராசத்தானத்துத் தார்ப் பாலைவனத்தில் 'கேஜ்ரி' என்ற பெயரால் வழங்குகின்றது. 1983 முதல் அம்மாநிலத்தின் மாநில மரமாகவும் விளங்குகின்றது. இங்கே ஆற்றங்கரையில் வணங்கப்படும் மரம் அங்கே மணலின் நடுவே மக்களுக்குச் சோறிடுகின்றது. அதன் காய் 'சாங்கிரி' எனப்படும் கறியாகின்றது. தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். ஆணிவேர் மிக ஆழம் சென்று நீர் தேடுவதாலும், மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ப்பதாலும், மற்ற மரத்தடிகளைப் போலன்றி இதன் அடியில் கம்புப் பயிர் செழித்து வளர்கின்றது. பஞ்சக் காலங்களில் இதன் பட்டையை இடித்து மாவாக்கி உண்டு உயிர் காத்தனர் என்பதும் வரலாறு.

தார்ப் பாலைவனம் ஏறத்தாழ 2 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பெரும்பகுதி இந்தியாவிலும் எஞ்சியது பாகிஸ்தானிலும் உள்ளது. ஆரவல்லி மலைத்தொடர் தென்மேற்குப் பருவக் காற்றுக்குக் குறுக்கே நில்லாமல் அதன் போக்கிலேயே நீண்டு கிடப்பதால், மேகங்கள் தடையின்றிக் கடந்து விடுகின்றன. மேற்குக் கோடியில் ஆண்டு மழை 100 முதல் 200 மில்லிமீட்டர் வரைதான். அதுவும் சூலை முதல் செப்டம்பருக்குள் சில நாட்களில் பெய்து முடிந்துவிடும். இருந்தும் உலகின் பாலைவனங்களுள் மக்கள் நெருக்கம் மிகுந்தது இதுவே. எங்ஙனம்? கூரையிலும் முற்றத்திலும் விழும் மழையைத் தரைக்கடியில் 'டாங்கா' என்னும் தொட்டியில் சேர்த்தனர். மேட்டு நிலத்து நீரைத் தாழ்நிலத்தில் கரைகட்டித் தேக்கி, நீர் வற்றியபின் அந்த ஈரத்தில் கோதுமை விதைக்கும் 'கதீன்' முறையைச் செய்சல்மேர்ப் பகுதியில் பாலிவால் அந்தணர்கள் வளர்த்தனர். ஊர்ப் பொதுவில் தெய்வத்தின் பெயரால் 'ஓரண்' என்னும் மேய்ச்சற் காடுகளை விட்டுவைத்தனர். அங்கே கோடரி எடுக்கலாகாது.

மனிதரைப் போலவே விலங்குகளும் அந்நிலத்தை அறிந்து வாழ்கின்றன. சேவண் புல் ஒருமுறை மழை கண்டால் தளிர்த்துவிடும். சிங்காரா என்னும் சிறுமான் தழையிலுள்ள ஈரத்தைக் கொண்டே பல நாள் நீரருந்தாமல் வாழும். முள் நிறைந்த வாலையுடைய ஒரு பல்லியினம் பகல் வெம்மைக்கு அஞ்சி வளையில் அடங்கியிருக்கும். கல்கௌதாரியின் செயலோ வியப்புக்குரியது. ஆண் பறவை தொலைவிலுள்ள குட்டைக்குப் பறந்து சென்று, தன் மார்பு இறகுகளை நீரில் நனைத்துக்கொண்டு திரும்பி வரும். குஞ்சுகள் அவ்விறகுகளைக் கொத்தி நீர் பருகும். இக்கல்கௌதாரி நம் கொங்குச் சீமையின் காய்ந்த காடுகளிலும் உண்டு என்பதை வாசக அன்பர்கள் அறிந்து மகிழ்வார்களாக.

இத்தகைய நிலத்தை அரசின் கணக்கு எவ்வாறு காண்கின்றது? நடுவண் அரசு 2019-இல் வெளியிட்ட தரிசு நில வரைபட நூல், நாட்டில் சுமார் 5 கோடியே 57 லட்சம் எக்டேர், அதாவது மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 17 விழுக்காடு தரிசு என்று கணக்கிடுகின்றது. பாலை மணற்பரப்பும் அதனுள் ஒரு வகை. புதர்க்காடும் மேய்ச்சல் நிலமும் அதனுள் வருகின்றன. வரி தராத நிலம் வீண்நிலம் என்று வெள்ளையர் ஆட்சி வருவாய்த் துறையில் ஏற்படுத்திய பார்வை இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. ஏட்டில் தரிசு என்று எழுதிவிட்டால், அதனை 'மேம்படுத்துதல்' நற்செயல் ஆகிவிடுகின்றது. மேம்படுத்தியோர் கொடியவர் அல்லர் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். இங்கே சிக்கலே அதுதான்.

சீமைக் கருவேலத்தின் கதை நம்மவர்க்குத் தெரியும். அது வன்னிக்கு ஒன்றுவிட்ட உறவான அயல்நாட்டு மரம். மணலை நிறுத்தவும் விறகு தரவும் ஏற்றது என்று எண்ணிய ஜோத்பூர் சமஸ்தானம் 1940-இல் அதற்குச் சமஸ்தானத்தின் சிறப்பு மரம் என்ற மதிப்பையே அளித்தது. (அரச மரம் என்று மொழிபெயர்த்தால் நம் ஊரில் குழப்பம் நேரும்!) விறகு கிடைத்தது உண்மை, ஏழைப் பெண்டிர் பலர் அதனால் அடுப்பெரித்தனர். ஆனால் அது பரவிய இடத்தில் புல் முளைக்கவில்லை. உள்ளூர் மரங்கள் ஒதுங்கின. இராமநாதபுரத்திலும் நம் மாவட்டத்து ஏரிகளிலும் கண்ட காட்சியே அங்கும்.

இந்திரா காந்தி கால்வாயும் அத்தகையதே. 1958-இல் தொடங்கப்பெற்ற இக்கால்வாய், பஞ்சாபின் ஹரிகேயிலிருந்து தார்ப் பாலையினுள் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் நீர் கொண்டு செல்கின்றது. பவானியில் புறப்பட்டுக் கொடுமுடிப் பக்கம் முடியும் காலிங்கராயன் வாய்க்காலின் நீரை உண்டு வளர்ந்த நான், கால்வாயைக் குறை கூறுவது எளிதன்று. பிக்கானேர், ஜோத்பூர், செய்சல்மேர் மக்களுக்கு அது குடிநீர் தந்தது. பல மைல் குடம் சுமந்த பெண்களின் தலைச்சுமையை இறக்கியது. அதே நீர் தாழ்வான இடங்களில் தேங்கி வயல்களை உவராக்கியது, கொசுவைப் பெருக்கியது. 1994-இல் மேற்கு இராசத்தானத்தில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவி உயிர்களைக் கொண்டது. மேய்ச்சல் நிலங்கள் வயல்களாயின. அங்கு வாழ்ந்த பறவைக்கும் விலங்குக்கும் இடம் சுருங்கியது. கால்வாய் வெட்டாதிருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மணலில் முன்பே யார் இருந்தனர் என்று கேட்டுவிட்டு வெட்டியிருக்கலாம்.

இனி, இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். கானமயில் என்று ஒரு பறவை. மூதுரையில் வரும் கானமயில் இதுவா, காட்டில் ஆடும் மயிலா என்று வாதிடுவோர் உண்டு. அதனை அவர்களிடமே விட்டுவிடுவோம். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமும், ஆண் பறவை 15 கிலோ வரை எடையும் உடையது. பறக்கும் பறவைகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. புல்வெளியில் வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே முட்டையை இடும். முன்னாளில் பஞ்சாப் முதல் தமிழ்நாடு வரை வறண்ட புல்வெளிகளில் எல்லாம் வாழ்ந்தது. வேட்டையும் நிலமாற்றமும் அதனை அழித்தன. இன்று நாடு முழுவதும் காடுகளில் எஞ்சியிருப்பவை 150-க்கு மேற்படா எனக் கணக்கிடுகின்றனர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தார்ப் பாலையில் உள்ளன. 1980-இல் அங்கே 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்கா அமைக்கப்பெற்றது. 1981-இல் அது இராசத்தானத்தின் மாநிலப் பறவையாயிற்று. பெயருக்குக் குறைவில்லை.

இப்பறவையின் கண்கள் தலையின் இருமருங்கிலும் அமைந்தவை. தரையையும் பக்கங்களையும் நன்கு காணும். நேர் எதிரே உள்ள மெல்லிய கம்பி அதற்குப் புலப்படாது. பார உடலாதலால் கடைசி நொடியில் திரும்பவும் இயலாது. தார்ப் பாலையிலோ வெயிலும் காற்றும் நிறைந்திருப்பதால் காற்றாலைகளும் சூரிய மின்நிலையங்களும் பெருகின. பலோடி அருகே பட்லாவில் 14,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் 2,245 மெகாவாட் திறனுடைய சூரிய மின்பூங்கா உள்ளது. மின்சாரத்தை நகரங்களுக்குக் கொண்டுசெல்லக் கம்பிகள் வேண்டும் அல்லவா? அக்கம்பிகளில் மோதியே கானமயில்கள் மடிகின்றன. அது மட்டுமன்று, தார்ப் பகுதியில் 4,200 சதுர கிலோமீட்டர் அளவில் மட்டும் ஆண்டுதோறும் பலவகைப் பறவைகள் சுமார் 84,000 மின்கம்பிகளால் இறப்பதாக இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் மதிப்பிட்டுள்ளனர்.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. கானமயில் வாழும் பகுதிகளில் இயன்றவரை கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்க வேண்டும்; மற்ற இடங்களில் பறவையின் கண்ணில் படுமாறு அசையும் தகடுகளைக் கம்பியில் தொங்கவிட வேண்டும் என்று 2021 ஏப்ரல் 19 அன்று ஆணை பிறந்தது. உயரழுத்தக் கம்பிகளை அவ்வளவு தொலைவு புதைப்பது தொழில்நுட்ப முறையிலும் செலவிலும் இயலாதது என்றும், நிலக்கரியைச் சார்ந்திருப்பதைக் குறைப்பதாக உலகிற்கு நாடு அளித்த வாக்குறுதிக்கு அது தடையாகும் என்றும் அரசு முறையிட்டது. 2024 மார்ச் 21 அன்று நீதிமன்றம் முன்னைய ஆணையைத் தளர்த்தி, ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டருக்கு ஒரே விதியாகப் புதைக்கச் சொல்வதை நீக்கி, வல்லுநர் குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்தது. பருவநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து விடுபட்டு வாழ்வதும் குடிமக்களின் உரிமை என்று அத்தீர்ப்பிலேயே கூறியது.

இங்கே அறம் எது? கூர்ந்து நோக்குவோம். ஒருபுறம் நிலக்கரியால் சூடேறும் உலகம். அதனால் வாடுவோருள் பாலைவாழ் உயிர்களும் உண்டு. மறுபுறம் 150-க்கும் குறைவாக எஞ்சிய ஒரு பறவையினம். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று கூறுவது கண்ணை மூடிக்கொள்வது போலாகும். பறவை போனால் போகட்டும் என்பது நாம் சொல்லத்தக்க சொல்லே அன்று.

இல்லறத்தாரின் தீங்குகளை நம் பெரியோர் நால்வகையாகப் பிரித்து உணர்த்தினர். எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்பி, சமைத்தல் துடைத்தல் முதலிய வீட்டு வேலையில் நேரும் ஆரம்பி, பிழைப்புக்கான தொழிலில் நேரும் உத்யோகி, தற்காப்பில் நேரும் விரோதி என்பன அவை. இல்லறத்தான் முதலாவதை அறவே விடவேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். மின்கம்பி அமைப்பது தொழில். எவரும் பறவையைக் கொல்லக் கம்பி கட்டவில்லை. ஆதலின் அது உத்யோகி என்று ஒருவர் வாதிடலாம். நானும் அதனை ஒப்புவேன், முதற் பறவை இறந்ததை அறியும் வரையில். இறப்பு எங்கே நிகழ்கின்றது, எக்கம்பியால், எதனைச் செய்தால் குறையும் என்பனவெல்லாம் தெரிந்தபின் அதே கம்பியை அப்படியே விட்டுவைப்பது பழைய வகையில் அடங்குமா? செய்தவன் கை மாறவில்லை. அவன் அறிவு மாறிவிட்டது. அறிவு மாறினால் வினையின் தன்மையும் மாறும் என்பதே என் துணிபு. மாற்று வழியே இல்லாதபோது நேரும் தீங்கு வேறு. மாற்று வழிக்குச் செலவாகும் என்பதற்காகப் பொறுத்துக்கொள்ளும் தீங்கு வேறு. பின்னதற்கு 'இயலவில்லை' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில் உண்மை குறைகின்றது.

இதனோடு அனர்த்த தண்ட விரதத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். பயனின்றித் தரையைத் தோண்டல், நீரைக் கொட்டல், தீ மூட்டல், மரத்தை வெட்டல் ஆகியவற்றைச் சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் பிரமாதசரியை என்று விலக்குகின்றார். அவற்றின் பட்டியலைப் படிக்கும்போது அது ஏதோ சிறுபிள்ளைகளின் குறும்பைக் கண்டிப்பது போல் தோன்றும். ஆனால் இரவெல்லாம் யாருமற்ற கடைவீதியில் எரியும் விளம்பர விளக்குகளை நினைத்துப் பாருங்கள். திருமண மண்டபத்தில், ஆளில்லாத அறையில் ஓடும் குளிர்சாதனத்தை நினைத்துப் பாருங்கள். நம் சமூகத்துத் திருமணங்களும் இதற்கு விலக்கல்ல. அந்த மின்சாரத்தின் கம்பி எங்கோ ஒரு புல்வெளியின் மேல் செல்கின்றது. தேவைக்கான மின்சாரத்திற்கும் கானமயிலுக்கும் இடையே வழக்கு இருக்கலாம். வீண் மின்சாரத்திற்கும் கானமயிலுக்கும் இடையே வழக்கே இல்லை.

இது இராசத்தானத்தின் தொல்லை, நமக்கென்ன என்று கருத வேண்டா. கொங்கு நாடும் மலைகளின் மழைமறைவுப் பகுதியே. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியுமாக மேய்ச்சலைப் பேணி, அதில் காங்கயம் மாடுகளை வளர்த்தனர் நம் உழவர். கொறங்காடு என்பது உழாமல் விட்ட சோம்பேறி நிலம் என்று எண்ணுவோர் இன்றும் உளர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நாடி இப்பகுதிகளில் காற்றாலைகள் எழுந்தன. சத்தீசுகரின் ராய்கரிலிருந்து புகழூருக்கு 800 கிலோவோல்ட் மின்பாதை வந்தது. தம் வயல்மீது கோபுரம் நடுவதை எதிர்த்துக் கொங்கு உழவர்கள் 2018-இல் போராடியதை மறந்திருக்க மாட்டோம். கம்பி தம் தலைக்குமேல் வந்தபோது உழவர் வாய் திறந்து பேசினர், சாலை மறித்தனர். கானமயிலுக்கு அந்த வசதி இல்லை.

பாலைவனத்தில் நம் சமயத்தார் செய்துவரும் ஓர் அறத்தையும் இங்கே கூறவேண்டும். அதில் ஒரு வினாவும் உண்டு. பலோடிக்கு அருகில் கீச்சன் என்னும் சிற்றூர். அங்குள்ள சமண வணிகக் குடும்பத்தார் புறாக்களுக்கு இறைத்த தானியத்தை நாடி, 1970-களில் குர்ஜா எனப்படும் கொக்கினப் பறவைகள் சில வந்தன. மங்கோலியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் இமயத்தைக் கடந்து வருபவை அவை. இட்டனர், மறு ஆண்டு இன்னும் வந்தன. இன்று பனிக்காலந்தோறும் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. வேலியிட்ட 'சுக்கா கர்' என்னும் இடத்தில் நாள்தோறும் தானியம் இறைக்கப்படுகின்றது. 2025 சூனில் கீச்சன் பன்னாட்டு ராம்சர் ஈரநிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஒரு சிற்றூரின் சீவதயை உலகறியச் சிறந்தது கண்டு உள்ளம் நிறைகின்றது.

ஆயினும், காட்டுப் பறவைகள் ஓரிடத்தில் நெருங்கிக் கூடினால் நோய் எளிதில் பரவும் என்று பறவை நூலார் கூறுகின்றனர். 2021 நவம்பரில் ஜோத்பூர் மாவட்டத்துக் கபர்டாவில் பறவைக் காய்ச்சலால் குர்ஜாக்கள் கூட்டமாக இறந்தன. தானம் செய்த கைக்கு இதில் குற்றமுண்டா? இல்லை என்றே கருதுகின்றேன். ஆனால் தானியம் இறைப்பவர் குளத்தையும் புல்லையும் சேர்த்துக் காத்தால், பறவை ஒரே முற்றத்தை நம்பி வாழ வேண்டியதில்லை. தானியம் கொடுப்பது கண்ணுக்குத் தெரியும் தயை. புல்வெளியை விற்காமல் விட்டுவைப்பது கண்ணுக்குத் தெரியாத தயை. இரண்டாவதற்குக் கல்வெட்டில் பெயர் பொறிக்கமாட்டார்கள். அதனால்தான் அதற்கு ஆள் குறைவு போலும்.

விட்டுவைப்பதற்கே உயிர் கொடுத்தவர்கள் அப்பாலையில் உண்டு. குரு சம்பேசுவரர் 1485-இல் தோற்றுவித்த பிஷ்னோய் நெறி 29 விதிகளை உடையது. பச்சை மரம் வெட்டாமையும் உயிர்களிடத்து இரக்கமும் அவற்றுள் அடங்கும். 1730-இல் ஜோத்பூர் அரசன் அபயசிங்கின் அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டிக் கேஜர்லி என்னும் ஊரின் வன்னி மரங்களை வெட்டப் படையினர் வந்தனர். அமிர்தாதேவி என்னும் பெண்மணி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவரும் அவருடைய பெண்மக்கள் மூவரும் வெட்டப்பட்டனர். அவர்களைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர் மரங்களுக்காக மாண்டனர் என்பது அம்மக்கள் போற்றும் வரலாறு. பின்னர் அரசன் அவர்களுடைய ஊர்களில் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடை செய்தான்.

அரண்மனைக்காக வெட்டுவதை எதிர்ப்பது எளிது. அரசனின் ஆடம்பரம் ஒருபுறம், மக்களின் மரம் மறுபுறம். அண்மை ஆண்டுகளில் பிக்கானேர்ப் பகுதியில் சூரிய மின்நிலையங்களுக்காக அதே வன்னி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து அதே பிஷ்னோய் மக்கள் மறியல் செய்தபோது, எதிரே நின்றது ஆடம்பரம் அன்று. உலகைக் காக்கும் நோக்கம். அமிர்தாதேவிக்கு வாராத கடினமான வினா அவருடைய பேத்திமாருக்கு வந்திருக்கின்றது. ஓரண்கள் பலவும் வருவாய் ஏட்டில் தரிசாகவே எழுதப்பட்டிருந்தமையால் மின்நிலையங்களுக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றை அளந்து அடையாளம் கண்டு, காடுகளாக அறிவிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 18 அன்று இராசத்தான அரசுக்கு ஆணையிட்டது. ஏட்டில் உள்ள சொல் மாறாமல் நிலத்தின் விதி மாறாது என்பதை நீதிபதிகளும் உணர்ந்திருக்கின்றனர். மின்தகடுகளை ஓரணில் நடுவதற்கு முன், கால்வாயின் மேலும் ஆலைக் கூரைகளின் மேலும் வீட்டு மாடிகளிலும் இடம் தீர்ந்துவிட்டதா என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. குசராத்தில் நருமதைக் கால்வாயின்மேல் மின்தகடுகள் வேயப்பட்டு 2012-லேயே மின்சாரம் எடுத்துக் காட்டியுள்ளனர்.

செய்சல்மேர் மாவட்டத்தில் சாம், ராம்தேவ்ரா ஆகிய இரண்டிடங்களில் கானமயில்களை வளர்த்துப் பெருக்கும் நிலையங்கள் நடைபெறுகின்றன. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் முறையில் அங்கே முதற் குஞ்சு பொரித்தது. வளர்ப்பில் உள்ள பறவைகளின் தொகை ஆண்டுதோறும் ஏறிவருகின்றது. ஒருநாள் அவற்றைத் திறந்துவிட வேண்டும். அதற்குரிய புல்வெளி, கம்பி குறுக்கிடாத வானத்தோடு எங்கே எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பதை, குஞ்சுகளை வளர்ப்போர் தீர்மானிக்க இயலாது. அது வருவாய் ஏட்டிலும் மின்பாதை வரைபடத்திலும் இப்போதே எழுதப்பட்டு வருகின்றது.